ஜெபத்தில் கண் திறந்தவர்கள்

வடகவுஞ்சி,
5–1–1932

என் பிரியமான பெர்சியாளுக்கு,

எப்சிபாள் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் கர்த்தருடைய தயவில் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருந்தால் கோயில் வாசலிலேயே சண்டையாகியிருக்கும். பூண்டு கொள்முதலுக்கு வந்த பிச்சை முகம்மது ராவுத்தர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட அவருடைய மட்டக்குதிரை வேகம்.

நடந்ததை எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. இந்த ஊரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பன்னிரண்டு பேரும் என்னோடு சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, மலையெல்லாம் நடந்து, முதல் ஞாயிறு இராப்போஜன ஆராதனைக்கு வந்தார்கள். எல்லாரும் பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். நம் கோயிலில் பழைய குடும்பங்கள் வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்து முன்னால் விரித்துக்கொள்ளும். பாய் இல்லாதவர்களுக்கு வாசல் பக்கத்து வெறுங்கல். மார்கழிக் குளிரில் அந்தக் கல்லில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?

உன் வீட்டுக்காரர் பீடத்தில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தபோது எங்கள் ஆட்களில் குப்பம்மாளுக்குக் கால் மரத்துவிட்டது. தாமதமாக வந்து எங்கள் ஆட்களுக்கு முன்னால் பாய் விரித்திருந்த மூப்பர் அருமைநாயகத்தின் சம்சாரத்தை உனக்குத் தெரியும். அந்தப் பாயின் ஓரத்தில் குப்பம்மாள் ஒரு முழங்காலை வைத்தாள். அந்த அம்மாள் பாயை வெடுக்கென்று இழுத்து உதறினாள். குப்பம்மாள் முகங்குப்புற விழுந்தாள். பெற்றவள் மாதிரி நான் திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்டேன். நீயும் திரும்பியிருந்தாய். நம் கண்கள் சந்தித்தன.

நான் என் தாய்வீட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வாசலில் விரித்து, குப்பம்மாளை அதில் உட்காரவைத்து அவளோடு உட்கார்ந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் அவள் சொன்னாள்: "பைபிளம்மா, நாம நம்ம காட்டு மண்ணுலயே உக்காந்து கும்பிட்டுக்குவமுங்க. கோயில்ல கல்லுதானே கெடக்கு."

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
எப்சிபாள்


கோடைக்கானல்,
19–1–1932

அன்பில் குறையாத எப்சிபாளுக்கு,

ராவுத்தர் உன் கடிதத்தையும் பூண்டையும் பத்திரமாகக் கொடுத்தார். இங்கே உறைபனியில் விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை சபைக் கமிட்டி கூடியது. ஆராதனை தொடங்குமுன் தூசிக்காகத்தான் பாயை உதறினேன் என்றாள் மூப்பர் சம்சாரம். நீ அதைச் சாக்காக வைத்து ஜெபத்தின் நடுவில் எழுந்து குழப்பம் பண்ணினாயாம். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜெபத்தில் கண் மூடியிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. இந்தக் கோயிலுக்குக் கல் கொடுத்தது மூப்பருடைய தகப்பனார். மூப்பர் மேலிடத்துக்கு ஒரு கடுதாசி எழுதினால் எங்களைக் கீழே மாற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரரின் நெஞ்சுக்கு இந்த மலைக்காற்றுதான் மருந்து. கீழே ஒரு கோடையைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போதகர் என்று ஊர் அவரைக் கும்பிடுகிறது, இராத்திரியெல்லாம் அவர் இருமுவது எனக்குத்தான் கேட்கிறது.

நீயாவது கொஞ்சம் இறங்கி வா.

உன்
பெர்சியாள்


வடகவுஞ்சி,
27–1–1932

பெர்சியாள்,

வாழ்த்து, விசாரிப்பெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கண் மூடியிருந்தாயா? போர்டிங் பள்ளியில் ஜெபவேளையில் நீ கண் திறந்திருந்தாய் என்று ஒருத்தி கோள் சொன்னபோது, "அதை இவ எப்படிப் பாத்தா?" என்று வார்டனம்மாளையே மடக்கினவள் நீ. அந்த வாய் எங்கே போயிற்று?

உன் பொய்யால் எனக்கு நஷ்டமில்லை. நான் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள், என்னை யாரும் தள்ளிவிட முடியாது. குப்பம்மாள்தான் என்னிடம் கேட்டாள்: "போதகரம்மா பாத்தாங்களே, சொல்லலையாக்கும்?" அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? போன ஞாயிறு ஜெபத்துக்கு ஆண்டிச்சாமி வரவில்லை. சோலி கெடக்கு என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன சோலி என்று எனக்குத் தெரியாதா? மானமுள்ள மனுஷன், ஒதுங்கிவிட்டார். ஒருவர் போய்விட்டார். இன்னும் எத்தனை பேர் போவார்களோ.

உன் வீட்டுக்காரரின் நெஞ்சுக்காக நானும் தினம் முழங்காலில் நிற்கிறேன். அது வேறு, இது வேறு.

எப்சிபாள்


கோடைக்கானல்,
16–2–1932

என் எப்சிபாளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. மார்ச் மாத முதல் ஞாயிறு நீ சபை முன் நின்று மூப்பர் சம்சாரத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உனக்கு இராப்போஜனம் கிடையாது, வேதம் வாசித்துச் சொல்லும் உன் உத்தியோகமும் போய்விடும். உன் ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு வருஷம் வாசலருகேதான் உட்கார வேண்டும்.

என் வீட்டுக்காரர் இதற்கு ஒப்பியது கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர்கள் விசுவாசத்தில் இன்னும் குழந்தைகள், கர்த்தருடைய பத்துக் கற்பனைகளைக்கூட முழுதாய்ச் சொல்லத் தெரியவில்லை, வளரட்டும், பிறகு முன்னால் வரலாம் என்கிறார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இல்லையா?

ஒரு வார்த்தைதானே, எப்சி. வாயால் சொல்லிவிட்டு மனசில் உனக்கு வேண்டியதை வைத்துக்கொள்.

உன்னைக் கெஞ்சும்
பெர்சியாள்


வடகவுஞ்சி,
24–2–1932

பெர்சியாளுக்கு,

வாயில் ஒன்று மனசில் ஒன்று வைத்துக்கொள்ளத்தான் ஞானஸ்நானம் வாங்கினோமா?

வளரட்டும் என்கிறார் உன் வீட்டுக்காரர். எங்கே வைத்து வளர்ப்பதாம்? இந்த மலையில் உருளைக்கிழங்கு போடுகிற யாரையாவது கேட்கச் சொல். செடிக்கு மண் அணைக்காமல் விட்டால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகிக் கசக்கும். முதலில் விளைந்து காட்டு, அப்புறம் மண் தருகிறேன் என்று எந்தச் சம்சாரியும் செடியிடம் சொல்வதில்லை. கல்லில் உட்காரவைத்துவிட்டு வளர்ச்சி போதவில்லை என்றால் அது யார் குற்றம்?

எங்கள் பன்னிரண்டு பேரில் சின்னத்தாயிக்குப் பத்துக் கற்பனைகளில் ஏழுதான் வரும். பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சலில் கிடந்தபோது பதினெட்டு நாள் அவள் வீட்டு அடுப்பையும் சேர்த்து இவள்தான் மூட்டினாள். மூப்பர் சம்சாரத்துக்குப் பத்தும் தலைகீழாய்ச் சொல்ல வரும். யார் வளர்ந்தவள், யார் குழந்தை என்று நீயே சொல்.

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மார்ச் ஆறாந்தேதி வரவும் மாட்டேன். தள்ளிவைக்கப்பட்டவள் என்று சபையில் என் பெயரை வாசிக்கட்டும். அன்றைக்கு நாங்கள் பூண்டு காயப்போடும் கொட்டகையில் ஜெபிப்போம். சம்பளம் நின்றால் களையெடுக்கப் போவேன். உத்தியோகம் போனாலும் எனக்கு வாசிக்கத் தெரியும், இவர்களுக்குக் கேட்கக் காது இருக்கிறது.

நீ கண் மூடியிருக்கும் வரைக்கும் உனக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை. இனி கடிதம் வராது.

எப்சிபாள்


கோடைக்கானல்,
6–3–1932

எப்சிபாளுக்கு,

இனி எழுதமாட்டேன் என்றாய். நான் எழுதுகிறேன்.

இன்று ஆராதனையில் என் வீட்டுக்காரர் உன் பெயரை வாசித்தார். நடுவில் இரண்டு தடவை இருமினார். மன்னிப்புக் கேட்க வராத காரணத்தால் என்ற இடம் வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"கமிட்டியில நான் பொய் சொன்னேன். ஜெபத்துல எங்கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. அந்தம்மா பாயை இழுத்ததையும் பாத்தேன், குப்பம்மா விழுந்ததையும் பாத்தேன்" என்றேன்.

பெண்பிள்ளைகள் சபையில் பேசக்கூடாது என்றார் மூப்பர். "கமிட்டியில நீங்கதானே பேசச் சொன்னீங்க" என்றேன். என் வீட்டுக்காரர் மெதுவாக, "உக்காரு, பெர்சியா" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்காதது இதுதான் முதல்.

மூப்பர் குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனது. அவர்களோடு இன்னும் நான்கு குடும்பங்கள் போயின. என் வீட்டுக்காரர் வாசித்துக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்துவிட்டார், மீதியை வாசிக்கவில்லை. இராப்போஜனமும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்து அறைக்குப் போனார். வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்து ஏதோ எழுதுகிறார். மூப்பருக்குச் சமாதானமா, மேலிடத்துக்கு ராஜினாமாவா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கீழே போக வேண்டி வந்தால் அவருடைய நெஞ்சு என்ன ஆகுமோ, தெரியவில்லை. ஆனாலும் சொன்னதை நான் திரும்ப வாங்கமாட்டேன். யாருக்காகவும் மாட்டேன்.

இரண்டு மாதம் ஏன் பேசாமலிருந்தாய் என்று கேட்பாய். பயந்தேன், எப்சி. இப்போதும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். குப்பம்மாளிடம் நான் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கடிதத்தில் அதை எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

ஏப்ரல் மூன்றாந்தேதி அடுத்த முதல் ஞாயிறு. பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா, ஆண்டிச்சாமியையும் விடாதே. கோயில் முன்பக்கம் இடம் காலியாய்க் கிடக்கிறது. யாரிடமும் உத்தரவு கேட்டு நான் இதை எழுதவில்லை.

வாசலில் உட்காராதீர்கள்.

உன்
பெர்சியாள்