படகுக்கு ஒரு மஞ்சள் தொப்பி

அன்பு அக்காவுக்கு,

உன் ஊருக்கே வந்திருக்கிறோம்! தையல் கம்பெனி சுற்றுலா; அம்மாவும் என்னுடன்தான். கடலைப் பார்த்ததும் நான் கரையிலேயே நின்றுவிட்டேன். அம்மாதான், "பெரியவ இருந்தா இந்நேரம் தண்ணியில குதிச்சிருப்பா" என்றாள். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை!

எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி. வழிகாட்டி முகத்தைப் பார்ப்பதே இல்லை, தொப்பியைத்தான் எண்ணுகிறார். இன்று கலங்கரை விளக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட யாரோ ஒரு அம்மாள் எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். "நாற்பது, சரியா இருக்கு, போலாம்!" என்றார் வழிகாட்டி. பின்னாலேயே எங்கள் சூப்பர்வைசர், "அடப்பாவிங்களா, நான் இன்னும் ஏறலடா!" என்று ஓடிவந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நாளை படகுச் சவாரி. எங்கள் கம்பெனியில் பொத்தான் தைக்கும் அக்காவுக்குப் படகென்றாலே குமட்டல், வரமாட்டாள். நானே வாய் திறந்து அவள் தொப்பியைக் கேட்டு வாங்கிவிட்டேன். அதைக் கடிதத்தோடு உன் வீட்டுக் கதவில் மாட்டுகிறேன். தட்டத்தான் தைரியமில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிடு.

தொப்பி யாருக்கென்று அம்மா கேட்கவில்லை. "படகுல எம் பக்கத்து எடத்தை யாருக்கும் குடுத்துடாத" என்று மட்டும் சொன்னாள்.

உன் தங்கை