நான்காவது பெயர்

ஸ்ஃபாக்ஸ், துனிசியா
4 செப்டம்பர் 2012

அன்புள்ள ரீமின் அப்பாவுக்கு,

வஃபா எழுதுகிறேன். நானும் மகளும் நலம். சிர்த்தில் மின்சாரம் வந்துவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்? அங்கிருந்து வரும் லாரிக்காரர்களை எல்லாம் கேட்டு அலுத்துவிட்டேன்.

தம்பி சுக்ரிக்கு இங்குள்ள ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள். நடக்கப் பழகுகிறான். மிஸ்ராத்தாக்காரர்களோடு சேர்ந்து கடாஃபி படையை எதிர்த்து உங்கள் ஊரில் நடத்திய சண்டையில் போன கால் இன்னும் அரிக்கிறதாம்.

ரீமைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். ரீம், மிலாத், சாலிம் என்று படித்துக்கொண்டே வந்த தலைமையாசிரியை கடாஃபியில் நின்றுவிட்டார். "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்றார். "ஒரே குலம், அவ்வளவுதாம்மா. ஆயிரக்கணக்கான பேர் இருக்கோம்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் சொன்னால் சுக்ரி, "அந்தப் பேர இங்க எடுக்காதக்கா" என்று எழுந்து போய்விட்டான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மகளின் பெயரை உங்கள் அப்பா சாலிம் பெயரோடு நிறுத்திக்கொள்ள அப்பா சம்மதிக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள்
வஃபா

சிர்த், லிபியா
19 செப்டம்பர் 2012

அன்பு வஃபா,

தாளை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காதே.

பகலெல்லாம் மின்கம்பம் நடுகிறோம். நேற்று நட்டது இன்று சாய்ந்து கிடக்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கடாஃபி என்ற சொல்லுக்கு எறிகிறவன் என்றுதானே பொருள்? என் முப்பாட்டன்மார் ஓநாய் மேல் கல்லெறிந்து ஆடு காத்திருப்பார்கள். அந்த மனிதர் பிறக்குமுன்பே அது எங்கள் பெயர். அவர் ஆண்டதற்கும் செத்ததற்கும் என் மகள் ஏன் அதை இழக்க வேண்டும்? அதை வைத்து நாம் என்ன சுகம் கண்டோம்?

மிலாத்

ஸ்ஃபாக்ஸ்
2 அக்டோபர் 2012

ரீமின் அப்பாவுக்கு,

என்ன சுகம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

ரீம் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றார்கள். நீங்கள் மேசைமேல் கையை வைத்து அந்த ஒரு சொல்லைச் சொன்னீர்கள். உடனே கட்டில் வந்தது. அதிலிருந்து எழுப்பிவிடப்பட்ட பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதைத் தரையில் போய் உட்கார்ந்தாள். கதவு வழியே அவளைப் பார்த்துக்கொண்டேதான் நான் மகளைப் பெற்றேன். அவள் குழந்தை என்னவாயிற்றோ. நானும் அந்தக் கட்டிலில் படுத்தவள்தான். உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

ரீம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

வஃபா

சிர்த்
11 நவம்பர் 2012

அன்பு வஃபா,

உன் கடிதம் என்னை இருக்கவிடவில்லை. உங்களைப் பார்க்க வாடகைக் காரில் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் நம் தெரு ஹாஜி ஃபராஜ், கண் வைத்தியத்துக்காக வந்தார். அவரும் நம் குலம்தான்.

கடற்கரைச் சாலையில் மிஸ்ராத்தாக்காரர்களின் சோதனைச் சாவடியில் பெயர் கேட்டார்கள். "மிலாத் சாலிம் அஹ்மத்" என்றேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

என் அடையாள அட்டை வீட்டோடு எரிந்துபோனது தோதாகிவிட்டது. ஹாஜி முழுப்பெயரையும் சொன்னார். அவரை இறக்கினார்கள். "இவர உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள். "வண்டியிலதான் பார்த்தேன்" என்றேன். ஹாஜி என் முகத்தைப் பார்த்தார். "ஆமாப்பா, இவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

வண்டி நகர்ந்தது. இரண்டு மைல் போனதும் நிறுத்தச் சொல்லி இறங்கித் திரும்ப நடந்தேன். சாவடியில் நான்கு பெயரையும் சொன்னேன். இருவரையும் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அடி பட்டது, பெரிதாக இல்லை. நீ பதறாதே. ஹாஜியின் கண்தான் இன்னும் மோசமாகிவிட்டது.

சம்மதம் என்று இன்னொரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரீம் அந்தப் பெயரால் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. அவள் சுமக்க வேண்டாம். நான் வாங்கியிருக்கிறேன். எனக்கு இருக்கட்டும். கட்டிலை இழந்த அந்தப் பெண்ணைத் தேட எனக்கு வழி தெரியவில்லை வஃபா.

இனி அந்தச் சாலையில் வர எனக்குத் தைரியமில்லை. நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் சரி.

மிலாத்

ஸ்ஃபாக்ஸ்
24 நவம்பர் 2012

என் அன்புக்குரியவருக்கு,

ரீம் திங்கள் முதல் பள்ளிக்குப் போகிறாள்.

உங்கள் கடிதத்தைச் சுக்ரி கேட்காமலே எடுத்துப் படித்தான். மூன்றாம் நாள், "அந்தப் பெரியவருக்கு இப்ப கண்ணு எப்படிக்கா?" என்றான். பிறகு மிஸ்ராத்தாவில் தன்னோடு சண்டையில் இருந்த யார் யாருக்கோ போன் போட்டான்.

புதன்கிழமை ஊர் திரும்புகிறான். வெள்ளி காலை அந்தச் சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பானாம். "மச்சானையும் பெரியவரையும் வரச் சொல்லு. ஸ்ஃபாக்ஸ் வரைக்கும் நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்கிறான்.

ஹாஜியைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். இங்கே கண் வைத்தியரிடம் சொல்லி வைத்துவிட்டேன். சுக்ரிக்கு அந்தக் கால் இன்னும் பழகவில்லை, காக்க வைக்காதீர்கள்.

உங்கள்
வஃபா