அண்ணன் மேசையிலிருந்து ஓடிய சாமந்தி இதழ்

என் பிரியமான அண்ணா,

நீ போனபின் சிலைப் பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் இன்னமும் உன் பெயரைச் சொல்லித்தான் சிலை கேட்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

என் மண்டையைக் குடைந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கல்தூசியை இழுக்க நாலு மேசைக்கும் நாலு வாய் வைத்து நீ போட்டாயே ஒரு குழாய், அது அடைத்துக்கொண்டே இருந்தது. சுத்தம் செய்தால் சில நாள் நன்றாக இழுக்கும். பிறகு நாலு வாயும் போய்ச் சேரும் பெரிய குழாயைத் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும், உள்ளே தூசி படிந்து கிடக்கும். மோட்டாரில் பழுதில்லை, தூசிப் பையில் ஓட்டையில்லை. பின்னே ஏன்?

உன் பக்கத்து மேசை ரபீக்குக்கு இருமல் நிற்கவேயில்லை.

"இன்னாக்கா, புழுதி மொத்தமும் மூஞ்சிலயே வுழுது. வூட்ல வேலய வுட்டுடச் சொல்றாங்க" என்றான். அவன் நெஞ்சில் தூசி தங்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை உன் மேசையில் ஊதுவத்தி ஏற்றினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தும் புகை குழாய்ப் பக்கம் திரும்பாமல் நேராக மேலே போனது. அப்போதுதான் உறைத்தது. உன் காரியம் முடிந்த மறுநாள், இனி இங்கே யாரும் உட்காரக் கூடாதென்று பட்டறை ஆட்கள் உன் மேசைக் குழாயின் வாயை மஞ்சள் துணியால் கட்டி மாலை போட்டிருந்தார்கள். நாலு வாயிலும் காற்று நுழைந்தால்தான் பெரிய குழாயில் வேகம் இருக்கும். ஒன்றை அடைத்ததும் வேகம் குறைந்து, கனமான கல்தூசி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

"அண்ணாத்த எடம்க்கா, தொறக்கலாமா?" என்று ரபீக் தயங்கினான்.

"மரியாத நமக்குத் தெரியும்டா, புழுதிக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

குழாயைச் சுத்தம் செய்து, மோட்டாரைப் போட்டு, துணியை அவிழ்த்தோம். மாலையிலிருந்து ஒரு சாமந்தி இதழ் பிய்ந்து உள்ளே ஓடியது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோலப் பின்பக்கம் ஓடிப்போய்த் தூசிப் பையைத் திறந்தேன். இதழ் வந்து சேர்ந்திருந்தது. அங்கேயே நின்று அழுதேன், அண்ணா.

அதற்கப்புறம் குழாயைத் தட்டினால் கணீரென்கிறது. ரபீக்கைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படமெடுத்தோம், இப்போதைக்குப் பயமில்லையாம். இருமலும் குறைந்திருக்கிறது.

இதழ் போன வழி தெரிந்துவிட்டது. நீ எந்த வழியாகப் போனாய், எங்கே போய்ச் சேர்ந்தாய்?

நாளை முதல் உன் மேசையில் நான் உட்காரப்போகிறேன். இனி துணியும் வேண்டாம், மாலையும் வேண்டாம். இந்தப் பட்டறை ஓடுகிற வரைக்கும் உன் இடத்தை யாரையும் மூடவிட மாட்டேன்.

உன் உளியை ஒளித்துவைத்துத் திட்டு வாங்கிய தங்கை,
கலா