சாம்பிராணிப் புகையில் வைத்த ஜீரோ

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட என் அன்பான வூட்டுக்காரருக்கு,

சாமி கும்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்படியும் கோபம் அடங்கவில்லை. அதில் பாதி உங்களுக்குரியது, வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான். "ஆயுத பூஜை முடிஞ்ச கையோட போயிருக்காரு. குடுத்து வெச்ச மனுஷன். சாமியே கூட்டிக்கிச்சு." எந்தச் சாமி கூட்டிக்கொண்டது? வெள்ளிதோறும் நான் விளக்குப் போடுகிற மாரியம்மனா? அவள் மேல் இந்தப் பழியைப் போட விடமாட்டேன். கிழங்கு மாவு மில்லின் உலைக்கூடத்தில் தொங்குகிற கேஸ் அனலைசர் சொன்ன பொய்தான் உங்களைக் கொன்றது. அந்தப் பொய்யை அதற்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் கைதானே?

விறகிலிருந்து வாயு எடுத்து மாவு காயவைக்கிற உலை அது. குழாயில் கசிவு வந்தால் வெளியேறுவது கார்பன் மோனாக்சைடு. "மூக்குக்கே தெரியாத விஷம்டி" என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அது காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டி, மிஞ்சினால் அலாரம் அடிப்பது அனலைசரின் வேலை. அதற்கு முன், விஷமே இல்லாத காற்று எது என்று அதற்குக் காட்டியாக வேண்டும். சிலிண்டரிலிருந்து சுத்தமான நைட்ரஜனை உள்ளே விட்டு ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும்.

உங்கள் மில்லில் சிலிண்டர் காலி. அறைக்காற்றே போதும் என்றார் மேனேஜர். அதற்கும் ஆயுத பூஜை அன்றைக்கே நல்ல நேரம் பார்த்தீர்கள். விளக்கு அணையக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தூபக்காலில் கரி கனன்றுகொண்டிருக்க, தீபாராதனை காட்டிய சூட்டோடு பட்டனை அழுத்தினீர்கள். வருஷ வேலைக்கு மங்களத் தொடக்கமாம்! முந்தைய வருஷங்களிலும் அப்படித்தான் செய்தீர்கள். கசிவு வரவில்லை, தப்பித்தீர்கள்.

அன்றைக்குச் சோறு போடும்போது கேட்டேனே, நினைவிருக்கிறதா?

"சிலிண்டர் வந்துச்சுங்களா?"

"வராட்டி என்ன இப்ப? சாமி முன்னாடி வெச்ச ஜீரோடி அது. உன் சாமி பாத்துக்கும்."

"உங்க வேலைய எஞ் சாமி தலையில கட்டாதீங்க."

"பாரு, சாமிக்கே வக்கீலு வந்துட்டா" என்று சிரித்தீர்கள். ரசம் கேட்டீர்கள். ஊற்றினேன்.

அந்த வாரத்திலேயே குழாய் இணைப்பு விட்டுப்போனது. அனலைசரைப் பார்த்தீர்கள், எண் குறைவாக இருந்தது. நம்பி உள்ளே போனீர்கள். அலாரம் தாமதமாக அடித்தபோது உங்களை இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீங்கள் தாங்கவில்லை.

பிறகு மிஷின் கம்பெனி இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எனக்கு விளக்கினார். "கரி நெருப்புல இருந்தும் அதே வாயுதான் வரும்மா. அந்தப் புகைக்காத்த மிஷின் சுத்தக்காத்துன்னு எடுத்துக்கிச்சு. அப்புறம் எவ்வளவு விஷம் வந்தாலும் அந்தப் புகையோட அளவைக் கழிச்சுட்டுத்தான் காட்டும்." வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கா இது புரியாது? முதல் நாள் கையிருப்பைத் தப்பாக எழுதினால் மாசம் முழுக்க ஒரு வரியும் சரியாக வராதே. மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே போய், "மாஸ்க் போடாம போனாரு, விதி முடிஞ்சுது" என்றார்.

இப்போது உங்கள் வேலையில் இருப்பது என் தம்பி முனிராஜ். மாமா பார்த்த வேலை என்று பெருமையாகச் சேர்ந்தான். இந்த வருஷ பூஜைக்கு மேனேஜரே வீட்டுக்கு வந்து அழைத்தார். உங்கள் படத்துக்கு நான்தான் விளக்கேற்ற வேண்டுமாம்.

போனேன். அனலைசருக்குச் சந்தனம், குங்குமம். ஜன்னல் சாத்தியிருக்கிறது. தூபக்கால் புகைகிறது. ஓரமாக நின்ற நைட்ரஜன் சிலிண்டருக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். பட்டன் பக்கத்தில் முனிராஜ்.

"டேய், இது நிறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அக்கா, மொதல்ல பொரி எடுத்துக்க."

"பொரி கெடக்கட்டும். காலியா இல்லையா?"

அவன் மேனேஜரைப் பார்த்தான். எனக்கு அது போதும். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். வந்து ஜன்னலைத் திறந்தேன்.

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா? நீங்க வந்து நிக்கறதே..." என்று மேனேஜர் பாதியில் நிறுத்தினார்.

"முழுசாச் சொல்லுங்க. தாலி அறுத்தவ நிக்கறது அமங்கலம். அப்ப விளக்கேத்த எதுக்குங்க கூப்பிட்டீங்க? உங்க மில்லு மேல தப்பில்லைன்னு ஊருக்குக் காட்டவா?"

"சாமி காரியத்துல சண்டை வேண்டாம்மா."

"சாமிக்கு நான் வூட்டுல தூபம் போட்டுக்கறேன். எந் தம்பிக்கு நீங்க சிலிண்டர் வாங்குங்க."

முனிராஜ் பட்டனை விட்டுத் தள்ளி வந்தான். "மாமா அழுத்துனாரு. நான் அழுத்த மாட்டேன் சார்." மற்ற ஆட்களும் உலை மூட்டமாட்டோம் என்று வெளியே வந்து நின்றார்கள்.

ஓசூரிலிருந்து சிலிண்டர் வரும் வரை உலை எரியவில்லை. நைட்ரஜன் விட்டு ஜீரோ வைத்தார்கள். அளவு தெரிந்த வாயுவையும் விட்டுச் சரிபார்த்தார்கள். அதன் பிறகுதான் முனிராஜ் உள்ளே போனான். நான் வாசலிலேயே இருந்தேன். மேனேஜர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். பார்க்கட்டும்.

முனிராஜ் வாய்திறந்து சொன்னதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? ஒரே ஒரு தடவை "மாட்டேன்" என்றிருந்தால் வேலையா போயிருக்கும்? போனால்தான் என்ன? கூழ் குடித்திருக்க மாட்டோமா?

வருஷா வருஷம் அந்த மில்லுக்குப் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். உங்களுக்குத் திதி குறைவைக்க மாட்டேன், சோறும் தண்ணீரும் வரும். ஆனால் துணைக்கு ஆள் வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே நீங்கள் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். முனிராஜை நான் அனுப்ப மாட்டேன்.

கோபம் ஆறாத உங்கள் மனைவி,
முனிராஜின் அக்கா,
சிவகாமி