நிழல் பக்கத்துக் கம்பி

இன்று காலை விரல்களில் சுண்ணாம்புத் தூள் ஒட்டிக்கொண்டது. இரண்டு தரம் சோப் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும்போது சுண்ணாம்புதான் முதலில் மணத்தது, பிறகுதான் தேயிலை. உடனே உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் என்ன, உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்னதைக் கேட்டீர்களாக்கும்!

நாம் சண்டையில்தானே அறிமுகமானோம். கொட்டாஞ்சேனையில் சந்துபோல் ஒடுங்கிய அந்த ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை என் பொறுப்பில் நடந்தது. குழி தோண்டிய என் ஆட்களின் அலவாங்கு தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டது. ஒரு போனுக்காகச் சனம் வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தொலைபேசிப் பக்கத்து அதிகாரியாக நீங்கள் குடையை விசிறிக்கொண்டு வந்தீர்கள்.

“இங்க யாரு பொறுப்பு?”

“நான்தான். உங்கட கம்பி எதால போகுதெண்டு எங்களுக்குச் சொன்னனீங்களோ?”

“நீங்க கேட்டீங்களா மிஸ்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்காதது என் பிழைதான், அதுதான் இன்னும் எரிச்சல். நம் இரண்டு பேரையும் அடக்கியது பிலோமினா அன்ரி. ஒழுங்கை மூலையில் இடியப்பக் கடை வைத்துத் தனியாகப் பிழைத்த மனுசி. குழியைத் தாண்டிக் கடைக்கு ஆள் வராமல் போய்ப் பல நாளாகியிருந்தது.

“கத்துங்க, நல்லாக் கத்துங்க! இவங்க மூடுவாங்க, தையில கரண்ட்காரன் வந்து கிண்டுவான், அவன் மூடினா நீங்க வருவீங்க. பெரிய ஒபிஸ்ல இருக்கிறீங்களே, ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டீங்களா? இன்னொருக்கா வெட்டினீங்கண்டா கடையப் பூட்டிட்டு வத்தளைக்கு மகள்கிட்டப் போயிருவேன்.”

அவ போக விரும்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. நீங்கள் குடையை மடக்கினீர்கள். என் பக்கம் திரும்பி, “மிஸ், இந்தக் குழிய மூடாதீங்க. மூணு பேரும் இதுக்குள்ளயே வேலைய முடிப்போம்” என்றீர்கள். உங்களுக்கு விசர் என்று நினைத்தேன். அன்ரி மட்டும், “கிறிஸ்மஸ்ஸுக்கு முந்தி மூடணும்” என்றா.

தண்ணீர், தொலைபேசி, மின்சாரம் என்று மூன்று கந்தோர்களிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. எங்கள் திட்டத்தில் இல்லை, மற்றவர்கள் முதலில் எழுதித் தரட்டும். என் மேலதிகாரி முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. கந்தோருக்குள் இது சரிவராது என்று கண்டுகொண்டவர் நீங்கள்தான். மூன்று மேலதிகாரிகளையும் அன்ரியின் கடைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தீர்கள். இடியப்பமும் சொதியும் என்றால் வராமல் இருப்பார்களா, வந்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் நீங்கள் ஒரு வெறும் ரின்பால் பேணியை, தகர டப்பாவை, எடுத்தீர்கள். அடியில் ஆணியால் துளை போட்டு, உள்ளே சுண்ணாம்புத் தூள் நிரப்பியிருந்தீர்கள். குலுக்கிக்கொண்டு நடந்தால் ரோட்டில் வெள்ளைக் கோடு விழும். “இன்னும் வெட்டாத பக்கத்துல, கீழ என்ன ஓடுதுன்னு கோடு போடுவோம். ஆனா யாரும் தன்ட கோட்டைப் போடக் கூடாது. மத்தவன்ட கோட்டைத்தான் போடணும்” என்றீர்கள்.

உங்கள் கம்பிக் கோட்டை நான் போட்டேன். அது நேரே அன்ரி சமைக்கிற குசினியின் வாசற்படிக்குள் போய் நின்றது. என் குழாய்க் கோட்டை நீங்கள் நட்ட நடு ரோட்டில் விட்டீர்கள். குழாயோ உண்மையில் மதிலோரம் கிடந்தது. மின்சாரப் பக்கத்து சிங்கள ஐயா ஒரு கோட்டை மட்டும் போட்டுவிட்டு, “ஹரி மல்லி, சரி தம்பி, ரெண்டும் இதுலயே போகட்டும்” என்றார். அன்ரி சிரித்த சிரிப்பில் ஒழுங்கையே வெளியே வந்துவிட்டது. என் மேலதிகாரி சிரித்து அன்றுதான் பார்த்தேன், சட்டையில் சொதியும் ஊற்றிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: “ரோட்டுட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமத்தானே இவ்வளவு நாளும் கத்தி வச்சிருக்கோம்.” மூன்று மேலதிகாரிகளும் எழுந்து போய் அந்தக் கோடுகளை இன்னொரு தரம் பார்த்தார்கள். கடைசியில் என் மேலதிகாரிதான், “சரி, ஒரே குழி. ஆனா ஆர் முதல்ல இறங்கிறது?” என்று கேட்டார். அது வேலையை ஏற்றுக்கொண்டவர் கேட்கிற கேள்வி, எனக்கு அழுகையே வந்தது. சுண்ணாம்பு கண்ணில் விழுந்ததென்று சமாளித்தேன், நீங்கள் நம்பவில்லை.

ஒரே குழியில் வேலை தொடங்கியதும் மழை எங்களைப் படாத பாடு படுத்தியது. அடியில் குழாய் போனது, ஒரு பக்கமாக மின்சாரம், மேலே உங்கள் கம்பி. இடைவேளையில் குழியோரம் இருந்து உங்கள் கம்பி ஏன் அப்படி வளைந்து போகிறது என்று கேட்டேன். “எங்கட ஆளுங்க நிழல் பார்த்துத்தான் வெட்டுவாங்க மிஸ். காலையில நிழல் எந்தப் பக்கமோ, கம்பி அந்தப் பக்கம். வரைபடத்துல எல்லாம் அது இருக்காது” என்றீர்கள். அன்ரி கிறிஸ்மஸ் மாட்டுத்தொழுவக் குடிலுக்கு வைக்கோல் பரப்பிய அன்று ரோட்டுக்குத் தார் போட்டு முடித்தோம். அவ வத்தளைக்குப் போகவில்லை. அதன் பிறகு எந்த வேலையென்றாலும் நீங்கள் என்னைத்தான் முதலில் கூப்பிட்டீர்கள். இத்தனை வருடமும் “மிஸ்” மட்டும் மாறவேயில்லை.

இப்போது நான் ஓய்வில். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் காலையும் மாலையும் நிறைந்து வழிகிற இடம். இந்த வருடம் தண்ணீர், வடிகால், புதிய இணையக் கம்பி என்று மூன்று வெட்டு என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிறகு உங்கள் வீட்டார் எனக்குத் தந்த அந்தப் பேணி ஞாபகம் வந்தது.

இன்று காலை தண்ணீர்க்காரரும் வடிகால்காரரும் வந்தார்கள். ஆளுக்கொரு கணினித் திரை கையில், அதில் தங்கள் தங்கள் கோடு மட்டும். சாப்பாடு போட்டேன், பேணியையும் கொடுத்தேன், ஒருவர் கோட்டை மற்றவர் போட்டார். இணையக் கம்பிக்காக உங்கள் பழைய கந்தோரிலிருந்து வரவேண்டிய பிள்ளை கிருலப்பனையில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டாள். “அவையின்ர கோட்டை ஆர் போடுறது மிஸ்?” என்று கேட்டார்கள். நானே பேணியை வாங்கினேன். நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதென்று பார்த்தேன். அந்தப் பக்க மதிலோரம் பேணியைக் குலுக்கிக்கொண்டு நடந்தேன்.

கோடு கலைவதற்குள் அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். “இதுல காட்டுறது வேற பக்கம் மிஸ்” என்றாள். மதிலோரம் இருந்த பழைய குழி மூடியைத் திறந்து பார்ப்போம் என்றேன். இரண்டு பேர் சேர்ந்து இரும்பு மூடியைத் தூக்கினார்கள்.

என் கோட்டுக்கு நேரே கீழே, கறுப்பாக, உங்கள் கம்பி கிடந்தது.

அந்தப் பிள்ளை திரையை அணைத்துப் பைக்குள் போட்டாள். மற்ற இருவரையும் பார்த்து, “அப்ப ஒண்டா வெட்டுவமா?” என்றாள். ஓம் என்றார்கள்.

இந்த முறை என் கோடு குசினிக்குள் போகவில்லை, பார்த்தீர்களா.