கொடியில் ஒரு சேலைக்கு இடம்

அத்தானுக்கு,

நீங்கள் வயலுக்குப் போன கையோடு பால் ஊற்ற வந்த இசக்கி, “எக்கா, பெரிய அருவியில தண்ணி கொட்டுது!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பகவதியக்கா வண்டி பூட்டச் சொல்லிவிட்டாள். நானும் போகிறேன்! அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் மதுரை அக்காவும் பிள்ளைகளும் பதினோரு மணி ரயிலில் வந்து இறங்கியதுமே பசி என்பார்கள். சோறு வடித்துவிட்டேன். சொதியைச் சுடவைத்தால் போதும். கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். அப்பளம் நீங்கள்தான் பொரிக்க வேண்டும். முறைக்காதீர்கள்.

நேற்று நான் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? “அருவி எங்க ஓடியா போவுது? விருந்தாளுக போவட்டும்ட்டி, பொறவு பாப்போம்.” ஒன்பது வருஷமாக இதே பேச்சு. சாரல் விழுந்தால் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து குளித்துவிட்டு, ஈரத்துணியை என் முன்னால் குவிக்கிறார்கள். மூன்று மைலில் குடியிருந்தும் குற்றாலத் தண்ணீரை நான் பிழிந்துதான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு வைக்குமுன் வந்துவிடுவேன்.

வடிவு

அப்பளம் உள்ளே பூட்டியிருக்கும் அரங்கு வீட்டில் இருக்கிறது. சாவி அரிசிப் பானைக்குள்.

தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியைத் தேட வேண்டாம். நான் கொண்டுபோகிறேன்.

இன்னும் ஒன்று. சாயங்காலம் அக்கா வீட்டுத் துணியைக் கொடி முழுக்கப் பரப்பிவிடாதீர்கள். ஒரு சேலைக்கு இடம் விடுங்கள். இன்றைக்கு என்னுடையதும் நனைந்து வரும்.