நாமினி கட்டத்தில் உன் அப்பா பெயர்

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது, மற்றபடி பசி, தூக்கம், வாய் மூன்றும் குறைவில்லாமல் வேலை செய்கின்றன. நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிற உன் நெட்டையரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. கோபம் என்று தெரியும். என் வயிற்றில் பிறந்தவள்தானே, உன் கோபம் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும், ஆனால் இந்தத் தடவை எண்ணிக்கை கொஞ்சம் தாண்டிவிட்டது. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல நடுவில் விஷயம் காணாமல் போய்விடுகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் புது மிஷின் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று ஊரையே மூச்சுப் பிடிக்க வைத்தவள் நான், இப்போது அதையும் அந்த மிஷினே ஒரு பெண் குரலில் சொல்கிறது. ஆனால் வருகிறவர்கள் அவள் பேச்சை மதிப்பதில்லை, பிடிக்கலாமா என்று என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்னும் எட்டு மாதம்தான், அப்புறம் ஓய்வு. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைக் கண்ணாடிக் கடைக்காரர் வந்து சரிபண்ணினார், மூக்குக் கண்ணாடிக்குப் போடுகிற குட்டி ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு! மறுநாளே மறுபடி ஒழுகியது, நான் அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் கண்ணாடிக் கடைக்காரரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வக்கீலைப் பார்த்து, எது யாருடையது என்று எழுதிக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னதும் நீ முதலில் சிரித்தாய். அப்புறம், "கல்யாணத்துக்கு முன்னாடியே பிரியறதுக்கு பேப்பர் எழுதறீங்களா, நல்லா இருக்கும்மா" என்றாய். நான் அத்தோடு விட்டிருக்கலாம். நீங்கள் வாங்கப் போகும் வீட்டில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டது என் வாய்க்கொழுப்பு. நெட்டையர் பெயரில் என்றால் கடன் சுலபமாகக் கிடைக்கும், தவணை அவர் கட்டுவார், வீட்டுச் செலவு முழுவதும் உன்னுடையது என்றாய். என் குரல் உயர்ந்துவிட்டது. "எல்லாரையும் அப்பா மாதிரியே நினைக்காதே" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். அதனால் உன் அப்பாவைப் பற்றியே சொல்கிறேன், பதினொரு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

முதலில் இந்த வக்கீல் யோசனை எப்படி வந்தது என்று கேள். ஒருநாள் என் கண்ணாடியின் காது வளைந்துவிட்டது என்று கடைக்குப் போனேன். அவர் இல்லை, மகன்தான் இருந்தான். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, மூடும் நிலையில் இருந்த கடையை நிமிர்த்தியவன் அவன்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஆன்ட்டி, நீங்க வந்தப்புறம் இந்தக் கடை யாருக்குன்னு அப்பாகிட்ட கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு. உங்ககிட்ட கேக்கலாமா?" என்றான். பையன் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காமல் முகத்துக்கு நேரே கேட்டானே, அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலமே அவரிடம் வக்கீலைப் பார்ப்போம் என்றேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. "என்கிட்ட இருந்து உங்களைக் காப்பாத்திக்கணுமா?" என்றார். "உங்ககிட்ட இருந்து இல்ல, என்கிட்ட இருந்து. எனக்குப் படிக்காம கையெழுத்துப் போடற வியாதி இருக்கு" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே போய் வக்கீலிடம் நேரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா, நான் ஒருத்தருக்குத்தான் வக்கீலாக இருக்க முடியும், நீங்கள் வேறு ஒருவரிடம் காட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதனால் எனக்கென்று தனியாக ஒரு வக்கீல் அமர்ந்தாள், உன்னைவிடச் சின்னப் பெண், மருந்துக்கடை மாடியில் ஆபீஸ், அறை முழுக்கக் கோப்புகள், தூசியில் தும்மிக்கொண்டே பேசுகிறாள். உங்களுக்கு இருக்கிறது என்ன, நீங்கள் கொடுக்க வேண்டியது என்ன, ஒன்று விடாமல் எழுதுங்கள், "மறைச்சீங்கன்னா நாளைக்கு இந்தப் பேப்பர் நிக்காது" என்றாள். இந்த ரெண்டு அறை வீடு, ஓய்வூதியப் பணம், கொஞ்சம் நகை என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வூதியத்துக்கு நாமினி யார் என்று கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, என் பொண்ணுதான் என்றேன். "படிவத்தைக் கண்ணால பாத்தீங்களா?" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆபீஸில் கேட்டு எடுத்துப் பார்த்தேன். பழுப்பேறிய காகிதம். இருபத்தாறு வயதில் நான் எழுதிய குண்டு குண்டான எழுத்து. நாமினி என்ற கட்டத்தில் உன் அப்பா பெயர், உறவு என்ற கட்டத்தில் கணவர். விவாகரத்தாகிப் பதினொரு வருஷம், வீடு மாறினேன், பெயருக்குப் பின்னால் இருந்த அவர் பெயரைக்கூட எடுத்தேன், இதை மட்டும் மறந்தே போனேன். நேற்று நான் கண்ணை மூடியிருந்தால் என் முப்பத்திரண்டு வருஷ உழைப்பு யார் கைக்கு முதலில் போயிருக்கும் என்று நினைத்துப் பார். திரும்பிப் போய் வக்கீல் பெண்ணிடம் சொன்னேன். "கோர்ட்டு உங்களைப் பிரிச்சிடும்மா, படிவம் தானாப் பிரிக்காது, அதை நீங்கதான் போய்ப் பிரிக்கணும்" என்று சொல்லித் தும்மினாள். அப்புறம், சேர்ந்து வைத்திருந்த கணக்கு ஏதாவது உண்டா என்றாள். உண்டு. நீ பிறந்தபோது உன் படிப்புக்கென்று இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது. எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். முதலில் கூப்பிட யாருக்கும் மனசு வராமல் அது பாட்டுக்கு அங்கேயே கிடந்தது.

இப்போது அந்தப் பழைய கதை. நாம் இருந்தோமே, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி தெரியுமே, அந்த வீடு உன் அப்பா பெயரில் வாங்கியது. அவர் பெயரில் என்றால் கடன் சுலபம் என்றார்கள். தவணை அவர் கட்டினார். அரிசி, பால், மின்சாரம், உன் பள்ளிக்கூடம், உன் பல்லுக்குக் கம்பி போட்டது எல்லாம் என் சம்பளம். பதிமூன்று வருஷம். என் சம்பளம் சமைத்துச் சாப்பிட்டுத் தீர்ந்தது, அவர் சம்பளம் சுவராக நின்றது. அதில் சூது ஒன்றும் இல்லை குட்டி, அப்போது எங்களுக்குள் நல்ல பிரியம்தான் இருந்தது, பிரியம் இருந்ததால்தான் யாருக்கும் எழுதிவைக்கத் தோன்றவில்லை. பிரிகிற நேரம் வந்தபோது என் பங்கைக் கேட்டேன். "உன் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். காட்ட என்னிடம் ஒரு ரசீதுகூட இல்லை. போராடியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும் என்று இப்போது இந்தச் சின்னப் பெண் சொல்கிறாள். அப்போது எனக்குச் சலித்துவிட்டது, எப்படியாவது முடிந்தால் போதும் என்று, வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று எழுதியிருந்த காகிதத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீ புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று, "ஏம்மா நாமதான் போகணும்?" என்று கேட்டாய். எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை என்றேன். பொய் சொன்னேன். என் வீம்புக்காக உன் அறையையும் உன் தோழிகளையும் பறித்துவிட்டேன் என்று ஒரு வருஷம் நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அப்பாவை வெறுக்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படிப்புக் கணக்கை மூட உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். குரலைக் கேட்டதும் "புள்ளைக்கு ஏதாவதா?" என்றுதான் முதலில் பதறினார். இல்லை, வங்கிக்கு வர வேண்டும் என்றேன், சரி என்று வந்துவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு முடி கொட்டிவிட்டது, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, படிவத்தை மூக்கருகே கொண்டுபோய் கண்ணை இடுக்கி இடுக்கிப் படிக்கிறார். நம் ஆளுக்குப் பொறுக்குமா? எழுந்து வந்து, "ஒரு நிமிஷம் கொடுங்க சார்" என்று கண்ணாடியை வாங்கி, சட்டைப் பையிலிருந்து அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, நிமிர்த்தி, துடைத்து, அப்பாவின் மூக்கில் தானே மாட்டிவிட்டார். அப்பா அவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இவரா?" என்றார். "இவர்தான்" என்றேன். "பார்வை நல்லா தெரியுது" என்றார் அப்பா, வேறு என்ன சொல்வார் பாவம். கவுண்டரில் இருந்த பெண் கணக்கை மூட ஏதோ நிரப்பிக்கொண்டே, நீங்கள் இரண்டு பேரும் என்ன உறவு என்று கேட்டாள். உன் அப்பாதான், "எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றார். அவள் என்ன எழுதிக்கொண்டாளோ தெரியாது.

வெளியே வந்ததும் அப்பா தயங்கித் தயங்கி, தன் இன்ஷூரன்ஸில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது என்றார். நீங்களும் மறந்துவிட்டீர்களா என்றேன். "மறக்கல. வீட்டு விஷயத்துல நான் நடந்துக்கிட்டது சரியில்ல. சொல்ல வாய் வரல. நான் போனப்புறமாவது உனக்கு வரட்டும்னு அப்படியே விட்டுட்டேன்" என்றார். பதினொரு வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா, "அப்ப எனக்கு நியாயம் கிடைக்கணும்னா நான் உங்க சாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இன்ஷூரன்ஸை உன் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். என் படிவத்திலும் இப்போது நீதான். மூடிய கணக்கில் இருந்ததும் உனக்குத்தான், உன் பெயரிலேயே அனுப்புகிறோம். இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் சண்டைக்குப் போகாதே, அந்தச் சண்டை முடிந்துவிட்டது.

எங்கள் ஒப்பந்தமும் எழுதி முடிந்தது. கடை அவர் மகனுக்கு, இந்த வீடு உனக்கு, கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்த்துச் சம்பாதிப்பது ஆளுக்குப் பாதி. கடைக்கு மேலே இருக்கும் அவர் வீட்டில்தான் குடியிருக்கப் போகிறோம், அவர் எனக்கு முந்திப் போய்விட்டால் நான் ஒரு வருஷம் அங்கே இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அந்தப் பையன், காது சிவக்கக் கேட்டானே அதே பையன், "ஒரு வருஷம் எதுக்கு, ஆன்ட்டி இருக்கற வரைக்கும்னு போடுங்க" என்றான். பயம் காகிதத்தில் இறங்கிவிட்டதும் மனசு எவ்வளவு தாராளமாகிவிடுகிறது பார்த்தாயா. பிரிவதற்கு எழுதவில்லை குட்டி, நிம்மதியாகச் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பதற்குத்தான் எழுதினோம்.

உன் நெட்டையர் நல்லவர், எனக்குச் சந்தேகமே இல்லை, தலை இடிக்காத வீடாகப் பார்ப்பதற்குள் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாதா. நல்லவராக இருப்பதால்தான் இப்போதே பேசலாம் என்கிறேன், பேச்சு கசந்த பிறகு பேச முடியாது. வீட்டில் இரண்டு பெயரையும் போட முடியுமா என்று கேள். முடியாது என்றால், நீ போடுவது எவ்வளவு, அதற்கு உனக்கு என்ன பங்கு என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். தவணையில் ஒரு பகுதியாவது உன் கணக்கிலிருந்தே போகட்டும், ரசீதை எடுத்து வை. அவர் அம்மா முன்பணத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றாயே, அது அவருடையது என்று நீயே முதலில் சொல்லி எழுத வை, அவருக்கும் பாதுகாப்பு வேண்டாமா. இங்கே உள்ள சட்டம் வேறு, அங்கே வேறாக இருக்கும், அதனால் அம்மா சொன்னாள் என்று எதையும் செய்யாதே, அங்கே உள்ள ஒரு வக்கீலைப் பார், நெட்டையர் ஒருவரையும் நீ ஒருவரையும் பாருங்கள். கல்யாண அவசரத்தில் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒழுங்காகச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், மனசில் ஒன்றும் மறைக்காமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள். எங்கள் கல்யாணம் அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில், காலை பதினொரு மணிக்கு. இரண்டு சாட்சி வேண்டுமாம். ஒருவர் அவர் மகன். இன்னொன்றுக்கு ஆள் இல்லையென்றால் நான் வந்து போடுகிறேன் என்று உன் அப்பா சொன்னார், மனசாரத்தான் சொன்னார். வேண்டாம், அந்த இடத்துக்கு ஆள் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்டுவிட்டுப் போன் பண்ணு.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா